“இனி ஓர் அடிகூட நடக்க மாட்டேன்!”

2022-ல் ஓய்வுபெற்ற அன்று மாலை, நர்ஸம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, கேன்வாஸ் ஷூவைக் கழற்றி விறகு ஷெட்டுக்குள் வீசியதுதான். பிரிவு உபசார விழாவில் போட்ட சால்வை இன்னும் தோளில் கிடந்தது. “முப்பத்திரண்டு வருஷம் நடந்தாச்சு. இனி ஓர் அடிகூட நடக்க மாட்டேன். பால் வாங்கக்கூட ஆட்டோதான்” என்று கணவரிடம் அறிவித்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அவர், “ஆட்டோக்காரர்கிட்ட மாசக் கணக்கு பேசிடட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. நர்ஸம்மா என்றால்தான் தெரியும். அரசுப் பதிவேட்டில் அந்தப் பதவிக்கு ‘கிராம சுகாதார செவிலியர்’ என்று பெயர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. கணக்கு குறைவுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அந்த 3,000 பேரும் ஒரே தெருவில் குடியிருப்பதில்லை. ஒரு ஹட்டி மேட்டின் உச்சியில் இருக்கும். அடுத்த ஊர் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே பஸ் போகாத தேயிலைச் சரிவு. புதன்கிழமைகளில் தடுப்பூசிப் பெட்டியை ஒரு தோளிலும், பதிவேடுகளை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் ஐஸ் உருகும் முன் போய்ச் சேர வேண்டும். நர்ஸம்மாவைப் பொறுத்தவரை நீலகிரி என்பது ஐஸ் உருகும் வேகத்தில் கடக்கவேண்டிய ஓர் ஏற்ற இறக்கம். டூரிஸ்ட்டுகள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ‘இதுல என்ன இருக்கு?’ என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஷூ மூன்று மாதம் ஷெட்டில் கிடந்தது. அதற்குள் எலி குடும்பம் நடத்தியது.

பிறகு கோகோ வந்தான்.

2020 ஊரடங்கில் சென்னையிலிருக்கும் மகன் வாங்கிய பீகிள் நாய் அது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் மடியில் படுக்க ஒரு குட்டி தேவைப்பட்டது. ஆபீஸ் திறந்தது. வீட்டில் குழந்தையும் பிறந்தது. “ஒரே ஒரு மாசம்மா. பாப்பா கொஞ்சம் பெருசாகட்டும்” என்று காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

நர்ஸம்மாவுக்கு நாய் என்றால் ஆகாது. முப்பத்திரண்டு வருட வீட்டு விசிட்டில் மூன்று முறை கடி வாங்கியவர். அதில் ஒரு கடி, ‘எங்க நாய் கடிக்காது நர்ஸம்மா’ என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது. கோகோவோ வந்த முதல் வாரத்தில் இரண்டு தலையணை, ஒரு டி.வி. ரிமோட், பென்ஷன் பேப்பர் வைத்திருந்த ஃபைலின் ஒரு மூலை ஆகியவற்றைத் தின்று தீர்த்தான். பென்ஷன் ஃபைலில் வாய் வைத்த அன்று நர்ஸம்மா கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். “இது முயல் வேட்டைக்குன்னு இங்கிலாந்துல உருவாக்கின ஜாதிம்மா. மோப்பம் புடிச்சுக்கிட்டே நாள் முழுக்க ஓடுறதுக்குப் பொறந்தது. நடக்க வைங்க, சரியாயிடும்” என்றார் அவர்.

யாரை நடக்க வைப்பது? கணவருக்கு மூட்டு வலி.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஷெட்டைத் திறந்து, எலியை விரட்டி, ஷூவைத் தட்டி மாட்டிக்கொண்டார். முகத்தில் பழைய புதன்கிழமை எரிச்சல். செயினைப் பிடித்ததுதான் தெரியும், கோகோ இழுத்த இழுப்பில் முதல் தேயிலை வரிசை வரை ஓடவேண்டியதாயிற்று. அங்கே அவன் நின்றான். ஒரு புல்லை முகர்ந்தான். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அசையவில்லை. நர்ஸம்மா பழக்க தோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வாட்ச் கட்டவில்லை. போகவேண்டிய ஊரும் இல்லை. வேறு வழியின்றி நின்றார். நின்றதால் நிமிர்ந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே மூடுபனி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு பையன் விசிலடிப்பதுபோல் கேட்டது. பாட்டு பாதியில் மறந்துபோய் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறானோ என்று தேடினால், ஓடைப் பாறைமேல் ஒரு கருநீலப் பறவை. இதே பாதையில் எத்தனை ஆயிரம் முறை போயிருப்பார்! ஒரு முறைகூட அதைக் கேட்டதில்லை.

“எங்க போயிட்டு வந்தே, ரெண்டு மணி நேரமா?” என்றார் கணவர்.

“அவன்தான் நின்னு நின்னு வந்தான்” என்றார். பாதி உண்மை.

அடுத்த வாரமே இரண்டு மணி நேரம் மூன்றாயிற்று. கன்னேரிமுக்கில் ஜான் சலிவன் கட்டிய பங்களா இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை கலெக்டராக இருந்து, மலையேறி வந்தவர். அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டித்தான் நர்ஸம்மா பலமுறை போலியோ சொட்டுமருந்துக்குப் போயிருக்கிறார். அதை நின்று பார்த்ததே இப்போதுதான். ஹட்டிகளுக்குள் போகும் கல் பாதை, எஸ்டேட்டின் குறுக்கு வழி, ஓடைக்கு இறங்கும் மண் படி எல்லாமே காலுக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் புதிது. சீசனில் தவிட்டுப்பழம் பறித்துத் தின்றுகொண்டே நடந்தார். வாய் ஊதா நிறமாகி வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து கணவர் சிரித்துவிட்டார்.

ஒரு விஷயம் உண்மை. மலையில் ஆள் தனியாக நடந்தால், ‘எங்கே?’ என்று கேட்பார்கள். நாயோடு நடந்தால், ‘இது என்ன ஜாதி? என்ன சாப்பிடும்?’ என்று கேட்பார்கள். அறுபது வயதுப் பெண் வேலை இல்லாமல் மலையில் சுற்றினால் ஊர் நாலு விதமாகப் பேசும். நாயின் கயிறு கையில் இருந்தால் அது ஒரு வேலை! நர்ஸம்மாவுக்கு இந்தச் சௌகரியம் சீக்கிரமே புரிந்துவிட்டது.

மணி சேர்ந்துகொண்டது இரண்டாவது மாதத்தில். ஹட்டி முனையில் டீக்கடை வாசலில் கிடக்கும் செம்பழுப்பு நாட்டு நாய். யாருடையதும் இல்லை. முதல் நாள் இருபதடி பின்னால் வந்தது. பத்தாம் நாள் இருபதடி முன்னால் போனது. கோகோவுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். மணிக்குக் காது, கண், புத்தி மூன்றும் உண்டு. ஒரு வளைவில் மணி சட்டென்று நின்று, முதுகு மயிர் சிலிர்த்து, உறுமாமல் பின்வாங்கியது. நாற்பதடி தூரத்தில் தேயிலைக்குள் கறுப்புப் பாறைபோல் ஒன்று திரும்பிப் பார்த்தது. காட்டுமாடு. முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஒரு டன் எடைகூட இருக்கும். நர்ஸம்மா கோகோவின் வாயைப் பொத்தி, வந்த வழியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்துவைத்தார். அன்று முதல் மணிக்கும் இரண்டு பிஸ்கெட் பாக்கெட்டில் ஏறியது. ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போடப்பட்டது. தடுப்பூசி விஷயத்தில் நர்ஸம்மாவிடம் யாரும் தப்ப முடியாது.

நாயோடு மலையேறுவது படத்தில் பார்ப்பதுபோல் இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட விடுவது அழகாக இருக்கும், நீலகிரியில் அது முட்டாள்தனம். கரடியையோ காட்டுமாட்டையோ சீண்டிவிட்ட நாய் வேறெங்கும் ஓடாது, நேராக எஜமானரிடம்தான் ஓடிவரும், பின்னால் துரத்தி வருவதையும் கூட்டிக்கொண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் இஷ்டம். மலைக் கிராமங்களில் ராத்திரி வாசலில் கட்டிய நாய் காலையில் சங்கிலியோடு காணாமல்போன கதை வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் வெயில் வந்த பிறகே கிளம்புவது, மாலை நாலு மணிக்குள் வீடு திரும்புவது. மணிக்கு மட்டும் கயிறு இல்லை. அதற்குக் கயிறு கட்டிப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் நர்ஸம்மாவின் சட்டம் செல்லவில்லை.

சோலைக்காட்டுக்குள் அவர் நாய்களைக் கூட்டிப்போவதே இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மனிதர்களே போகக் கூடாது என்பது ஒருபுறம். வீட்டு நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் செந்நாய்க் கூட்டத்துக்கும் தொற்றும் என்பது இன்னொரு புறம். லாங்வுட் சோலையின் ஓரம்வரை போய், வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். தேயிலைக்கு மருந்து அடித்த நாளில் வேறு பாதை. வாய்க்கால் தண்ணீரில் வாய் வைக்க விடாமல், வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீரும் எவர்சில்வர் கிண்ணமும். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம். வீடு திரும்பியதும் காது மடலைப் புரட்டி, விரல் இடுக்கில் தேடி உண்ணி எடுப்பது. இதையெல்லாம் பழைய பதிவேட்டின் காலிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதியும் வைத்தார்.

எல்லாப் பாதையிலும் போனார்கள், ஒன்றைத் தவிர.

அந்தப் பாதை எஸ்டேட் ரோட்டிலிருந்து பிரிந்து கீழே பள்ளத்துக்கு இறங்கும். மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு லயன் வரிசை. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கோகோ அந்தப் பிரிவில் தினமும் இடது பக்கம் இழுப்பான். நர்ஸம்மா தினமும் வலது பக்கம் இழுப்பார். மணி நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்க்கும்.

நர்ஸம்மா வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம். அந்த லயனில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. விசிட் போன நர்ஸம்மா அவள் கண்ணின் கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். வெளுத்திருந்தது. நல்ல ரத்தசோகை. “இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துடு” என்றார். “ரெண்டு நாள்ல சம்பளம் போடுவாங்க. வாங்கிட்டுப் போயிடுறேன்” என்றாள் அவள். நர்ஸம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, “சரி” என்றார்.

மறுநாள் ராத்திரி மழையில் ஆள் வந்து கதவைத் தட்டியது. போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது, நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டார். வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்த மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தில் ஏறினார்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு வந்தது 2008-ல். இது அதற்குப் பத்து வருடம் முன்பு. மேலே ஜீப் காத்திருந்தது. ஜீப் தேவைப்படவில்லை.

அதன் பிறகு லயன் தாய்மார்களுக்கான தடுப்பூசி முகாம் மேலே ரோட்டோரத்துக் கோயில் திண்ணைக்கு மாறியது. ‘ரோடு வசதி’ என்று காரணம் எழுதினார். யாரும் கேள்வி கேட்கவில்லை. கீழே இருந்து கைக்குழந்தைகளோடு பெண்கள் ஏறி வந்தார்கள். இருபத்தைந்து வருடமாக நர்ஸம்மா இறங்கவில்லை. அந்த ‘சரி’யைப் பற்றி அவர் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருடம் ஜனவரியில் ஒரு காலை. பிரிவுக்கு வந்ததும் வழக்கமான இழுபறி. அன்று பெல்ட் பக்கிள் தேய்ந்திருந்தது போலும். கோகோ ஒரே உதறலில் தலையை உருவிக்கொண்டு பாய்ந்துவிட்டான். மோப்பம் பிடித்துவிட்டால் பீகிளுக்குக் காது கேட்காது. நர்ஸம்மா வெறும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மணி அவரைப் பார்த்தது, பாதையைப் பார்த்தது, இறங்க ஆரம்பித்தது. பத்தடி போய் நின்று திரும்பிப் பார்த்தது.

கீழே கரடி நடமாட்டம் இருப்பதாக அந்த வாரம்தான் பேச்சு. யோசிக்க நேரமில்லை. இறங்கினார். பாதை இப்போது சிமென்ட் போட்டிருந்தார்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவில் அந்தப் பாறை. தூளியை அங்கேதான் ஒருமுறை இறக்கிவைத்துத் தோள் மாற்றினார்கள். மணி பாறை மேல் ஏறி உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தது. நர்ஸம்மாவும் ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்தார், மூச்சு வாங்குவதற்காக.

லயனை நெருங்கியதும் மோப்பத்தின் ரகசியம் தெரிந்துவிட்டது. கருவாடு! கடைசி வீட்டு அடுப்படியில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கோகோ, உலகத்திலேயே தன்னைவிடச் சாது கிடையாது என்பதுபோல் உட்கார்ந்திருந்தான். கதவோரம் ஓர் எண்பது வயதுப் பாட்டி, கையில் கரண்டியோடு.

“யாரு நாய்யா இது, ராசா மாதிரி ஒக்காந்திருக்கு?” என்று நிமிர்ந்தவர், வந்தவரை உற்றுப் பார்த்தார். “மிஸ்ஸியா?”

இலங்கைத் தோட்டங்களில் நர்ஸை அப்படித்தான் அழைப்பார்கள். இந்த மலையில் நர்ஸம்மாவை ‘மிஸ்ஸி’ என்று அழைத்தவர் ஒருவர்தான், செத்துப்போன பெண்ணின் தாய்.

உட்காரச் சொன்னார். பிளெயின் டீ வந்தது. பாட்டி முதலில் கரடி பற்றிப் பேசினார், பிறகு பச்சைத் தேயிலை விலை. அன்று பிறந்த பேத்திக்குத் திருப்பூரில் வேலை, கல்யாணமாகி ஒரு பையன். சுவரில் போட்டோ இருந்தது. நர்ஸம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்க முடியவில்லை. ஒருவழியாக, “பாட்டி, அன்னிக்கு நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது. இழுத்துட்டுப் போயிருக்கணும்” என்றார்.

பாட்டி கரண்டியைக் கீழே வைத்தார்.

“நீங்க சொன்னதுக்கப்புறம் அவ போறேன்னுதான் சேலை மாத்துனா, மிஸ்ஸி. நான்தான் தடுத்தேன். ‘ரெண்டு நாள்ல சம்பளம், கையில காசில்லாம ஆஸ்பத்திரியில போய் என்ன பண்ணுவே’ன்னு ஒக்கார வச்சேன். நீங்க அதுக்கப்புறம் கீழ எறங்கவே இல்லல்ல? தெரிஞ்சுபோச்சு, அதான் இந்தக் கெழவி மூஞ்சியில முழிக்க மாட்டேங்குறீங்கன்னு நெனச்சேன்.”

அடுப்பில் கருவாடு தீயும் வாசனை வந்தது. இருவரும் எழவில்லை. கடைசியில் கோகோதான் எழுந்து உள்ளே போனான். “அடேய்!” என்று பாட்டி கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தீய்ந்த துண்டுகளில் முள்ளை எடுத்துவிட்டு இரண்டு நாய்க்கும் ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார். கருவாட்டில் உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது என்பது நர்ஸம்மாவுக்குத் தெரியும். அன்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது புதன்கிழமைகளில் அந்தப் பாதைதான். பாட்டிக்கு பிரஷர் பார்க்கும் கருவி பையில் போகிறது. பாட்டியின் பேத்தி பொங்கலுக்கு வந்திருந்தபோது நர்ஸம்மாவைப் பார்த்தாள், காலில் விழப் போனாள். நர்ஸம்மா அவசரமாகக் குனிந்து கோகோவின் காதில் உண்ணி தேடினார்.

மே மாத லீவுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். சென்னையில் தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்தாயிற்றாம், சின்னத் தோட்டமும் இருக்கிறதாம். “கோகோவைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கோம்மா. உங்களுக்கும் சிரமம்.”

நர்ஸம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. “அவன் இங்க டியூட்டியில இருக்கான்டா” என்றார். “வேணும்னா நாளைக்குக் காலையில கூட வந்து பாரு.”

மறுநாள் ஆறரை மணிக்கு மகனும் கிளம்பினான், சென்னையில் வாங்கிய விலை உயர்ந்த ஷூவோடு. இறங்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டே வந்தான். திரும்பி ஏறும்போது முதல் வளைவில் போனைப் பாக்கெட்டில் வைத்தான். மூன்றாவது வளைவில் பாறையைப் பிடித்துக்கொண்டு, “எவ்ளோ தூரம்மா இன்னும்?” என்றான். நர்ஸம்மாவும் கோகோவும் மேலே தேயிலைக்குள் மறைந்துவிட்டிருந்தார்கள். மணி மட்டும் பாதி வழி இறங்கிவந்து, அவனுக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்துகொண்டது.